மூன்றாம் பக்கம்

பதினாலாம் கட்டில்காரரின் மகள் பிடுங்கிய வேகத்தில் துணிப்பையின் ஒரு பிடி அறுந்து வாசிப்பக்காவின் கையிலேயே நின்றுவிட்டது. வார்டுக்கு வெளியே இருந்த நடையில் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, பாதி தின்ற ரொட்டிப் பொட்டலம், நூல் சுற்றிய அட்டை, முதுகு கிழிந்த கதைப் புத்தகம் எல்லாம் சிதறி விழுந்தன. பத்திரம் விழவில்லை.

“எங்க வச்சிருக்கீங்க அதை?”

“எதைம்மா?”

“எங்க அப்பாகிட்ட கையெழுத்து வாங்கின பேப்பரை. நடிக்காதீங்க. இன்னிக்கு என் காதால கேட்டேன்.”

வாசிப்பக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொருள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அறுந்த பிடியையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்த நிதானம் மகளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. குற்றமில்லாதவர்கள் கத்துவார்கள். பொறுமையாகப் பொறுக்குகிறவர்களிடம்தான் ஏதோ இருக்கும். இன்சூரன்ஸ் ஆபீசில் ஐந்து வருடம் குப்பை கொட்டியதில் அவள் கற்றுக்கொண்டது இது.

பொய்யைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இழப்பீடு கேட்டு வரும் காகிதங்களில் தேதி இடிக்கிறதா, மை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “நிபந்தனையைப் படிக்காம கையெழுத்து போட்டது உங்க தப்பு” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்வாள். சொல்லும்போது குரல் பிசிறாது. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. அவள் படித்தாள். மற்றவர்களும் படித்துத் தொலைக்க வேண்டியதுதானே?

நோயாளிகளுக்கு வாசித்துக் காட்ட இந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் வருகிறது என்று கேட்ட அன்றே அவளுக்கு உறுத்தியது. வாசிப்பக்கா காலையில் ஒரு தையல் கடையில் காஜா போடுகிறவள். மதியம் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து, கேட்டதை வாசிப்பாள். ஒருவருக்குத் துப்பறியும் கதை. இன்னொருவருக்கு விளையாட்டுச் செய்தி. ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவருக்குப் பழைய வண்டி விற்பனை விளம்பரங்கள். விலையைக் கேட்டுக் கேட்டு அவர் சிரிப்பார். இதற்குச் சம்பளம் கிடையாது. சும்மா செய்கிறாளாம். சும்மா யார் எதைச் செய்கிறார்கள்? சாகக் கிடக்கிறவர்களின் காதில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம்.

“அதுவும் ஒரு மருந்து மாதிரிதாங்க,” என்றாள் நர்ஸ் முதல் நாளே. “கேட்டுக்கிட்டே இருந்தா மூச்சு நிதானப்படுது. உங்க அப்பாவே வேணும்னு கேட்டாரு.”

“அவரா? அவர்தான் தினம் பேப்பர் படிப்பாரே. அவருக்கு எதுக்கு இன்னொரு ஆளு?”

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊசி எடுக்கப் போய்விட்டாள்.

அப்பா குடிநீர் பம்ப் ஹவுசில் முப்பத்தொரு வருடம் மோட்டார் ஓட்டியவர். இப்போது இருதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்து, பதினாலாம் கட்டிலில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். ஆறு வருடமாக அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் அத்தைதான் போன் செய்தாள். “வந்தா வா, வராட்டி போ. சொல்ல வேண்டியது என் கடமை.” வந்தாள். ஒன்பது நாளாக அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பா அவளைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். அவளும் குளுக்கோஸ் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பாள்.

அவள் நுழைந்ததும் வாசிப்பு நின்றுவிடும். அது முதல் சந்தேகம். வாசிப்பக்காவின் பதிவேட்டை நர்சின் மேசையில் புரட்டிப் பார்த்தது அடுத்தது. தேதி, கட்டில் எண், வாசித்தது என்ன என்று மூன்று கட்டங்கள். எல்லாக் கட்டிலுக்கும் நேரே ஒரு கதையின் பேரோ செய்தித்தாளின் பேரோ இருந்தது. பதினாலுக்கு மட்டும் ஒன்பது நாளும் ஒரே எழுத்து: ‘சொந்தக் காகிதம்’. அத்தையின் மகனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், இடம் போதவில்லை என்பதும் காதில் விழுந்திருந்தது. ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்ப்பது அவள் தொழில்.

இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றாள். வாசிப்பக்காவின் குரல் சமதரையில் சைக்கிள் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தது.

“...இந்த வீட்டில் எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம். இதை எழுதியே கொடுக்கிறேன்...”

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. நடைக்கு வந்து, வாசிப்பக்கா வெளியே வரும்வரை காத்திருந்து பையைப் பிடித்து இழுத்தாள்.

சத்தம் கேட்டு அத்தை பிளாஸ்கோடு ஓடி வந்தாள்.

“என்னடி கூத்து இது? ஆஸ்பத்திரியா, சந்தையா?”

“நீங்களும் இதுல கூட்டா அத்தை?”

“எதுல?”

“வீட்டை எழுதி வாங்குறதுல.”

அத்தை பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “ஒன்றரை ரூம் அரண்மனை! மழை பேஞ்சா உள்ளேயே குடை பிடிக்கணும். அதுக்கு ஒரு பத்திரம், அதுக்கு ஒரு சதி, அதுக்கு இந்த அம்மா வேற கூட்டு! உனக்கு வேலை குடுத்தவனைச் சொல்லணும்டி. எதைப் பாத்தாலும் திருட்டுத்தனமாவே தெரியுது உனக்கு.”

“அப்ப என்ன பேப்பர் அது?”

வாசிப்பக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

“என்கிட்ட இல்லம்மா. அவர் தலையணை உறைக்குள்ள இருக்கு. நீங்க வந்தா நிறுத்திடணும், உங்க கண்ணுல படக்கூடாதுன்னு சொல்லியிருந்தார். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது, போய்ப் பாருங்க.”

மகள் உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டபோது அவர் தலையின் சூடு மணிக்கட்டில் பட்டது. உறைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாலாக மடித்த காகிதங்கள். மடிப்பு தேய்ந்து துணி மாதிரி ஆகியிருந்தன. கோடு போட்ட நோட்டுக் காகிதம், ஐந்து தாள். பிரித்ததும் எழுத்து தெரிந்தது.

அவள் எழுத்து.

திரைக்குப் பின்னால் கேட்ட ‘பங்கு வேண்டாம்’ வரியும் அதில்தான் இருந்தது. தாள்களோடு நடைக்குத் திரும்பினாள்.

“இது நான் எழுதினது. இதை ஏன் நீங்க படிக்கணும்? இது அவருக்கு எழுதினது.”

“அவருக்குப் படிக்கத் தெரியாதும்மா,” என்றாள் வாசிப்பக்கா.

மகள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். “எங்க அப்பாவுக்கா? என் பிராக்ரஸ் கார்டு எல்லாத்துலயும் அவர்தான் கையெழுத்து போட்டார். தினம் காலையில பேப்பரும் கையுமா உக்காந்திருப்பார். கண்ணு தெரியலன்னு சொன்னார்னு டியூஷன் எடுத்த காசுல நான்தான் கண்ணாடி வாங்கிக் குடுத்தேன்.”

“அவன் கண்ணுக்கு என்னடி கேடு?” என்றாள் அத்தை. அவளுடைய குரல் இறங்கியிருந்தது. “நூறு அடி தள்ளி நிக்கிற பஸ்ல யார் உக்காந்திருக்கான்னு சொல்லுவான். பேர் எழுத மட்டும் உங்க அம்மா கத்துக் குடுத்தா. மத்ததெல்லாம் அவதான் படிச்சுச் சொல்லுவா. அவ போனப்புறம் நீ படிச்சுச் சொன்ன. கண்ணாடி இல்ல, நீ படி பாப்பான்னு சொல்லுவானே, ஞாபகம் இல்ல? நீ கண்ணாடியை வாங்கிட்டு வந்து நிக்கவும் அதை மாட்டிக்கிட்டு நடிக்க வேண்டியதாப் போச்சு அவனுக்கு.”

“நீங்க ஏன் சொல்லல?”

“சொன்னா கொன்னுடுவேன்னான். காலேஜ் படிக்கிற பொண்ணு, அவகிட்ட நான் கைநாட்டுன்னு சொல்றதான்னான்.”

“ஆறு வருஷமா இதை யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே.”

“தெருவுல யார்கிட்டடி குடுப்பான்? உள்ள என்ன எழுதியிருக்கோ, யார் மானம் இருக்கோன்னு பயம். என்கிட்ட குடுத்தா நான் தலைகீழாத்தான் பிடிப்பேன். அதுல என்ன இருக்குன்னு தெரியாம உன்கிட்ட என்னத்தப் பேசுறதுன்னுதான் போனைக்கூட எடுக்க மாட்டான். இங்க வந்தப்புறம், முன்னப்பின்ன தெரியாத ஆளு, வெளிய சொல்ல மாட்டாங்கன்னு இவங்களைக் கேட்டான்.”

மகள் சுவரில் சாய்ந்தாள். கையில் இருந்த தாள்கள் ஆஸ்பத்திரி விசிறிக் காற்றில் படபடத்தன.

ஆறு வருடத்துக்கு முன்னால் இறுதித் தேர்வுக்காகப் பன்னிரண்டு நாள் விடுதியில் தங்கியிருந்தாள். அந்த இடைவெளியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் வீட்டுக்கு வந்தது. முழுச் செலவையும் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும், பத்து நாளுக்குள் சம்மதம் எழுத வேண்டும். தேர்வு முடிந்து வந்து ஒரு வாரம் கழித்து அதை அவளே கண்டுபிடித்தாள், பிஸ்கட் டப்பாவில். அம்மா காலத்து டப்பா அது. சிவப்புக் கோடு அடித்து வரும் காகிதங்களை அம்மா வாசல் ஆணியில் குத்துவாள், பணம் கட்ட வேண்டியவை. மற்றதெல்லாம் டப்பாவுக்குள். அம்மா போன பிறகும் அப்பா அதை விடவில்லை. ஒழுங்கான மனுஷன் என்று அவள்கூடப் பெருமைப்பட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த டப்பாவில் அவள் பேருக்கு வந்த உறை பிரிந்து கிடந்தது.

“பிரிச்சிருக்கீங்க. படிச்சீங்களா, இல்லையா?”

அப்பா வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டனைப் போட்டு முடித்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

“ஆமா. படிச்சேன்.”

அந்த ‘ஆமா’வை வைத்துத்தான் அவள் ஐந்து தாள் எழுதினாள். அவருடைய கண்ணாடியை அதன் மேல் வைத்துவிட்டு, மதிய பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அந்த ‘ஆமா’வை வைத்துத்தான் இந்த ஆறு வருடத்தையும் ஓட்டினாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா கட்டிலின் இரும்புச் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, “உங்களைத்தான் கூப்பிடுறாரு. ரெண்டு பேரையும்,” என்றாள். பிறகு மகளின் அருகில் வந்து, “நாடி ரொம்ப இறங்கிடுச்சு. பக்கத்துலயே இருங்க,” என்றாள்.

அப்பாவின் கண் முதலில் மகள் கையிலிருந்த தாள்களுக்குப் போனது. பிறகு வாசிப்பக்காவின் முகத்துக்கு. ஆக்சிஜன் முகமூடியைத் தளர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

“எல்லாம் கேட்டுச்சு. பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“தெரிஞ்சுபோச்சுங்க.”

“போகட்டும்.” இரண்டு மூச்சு விட்டுவிட்டு வாசிப்பக்காவைப் பார்த்தார். “மூணாவது தாளு... நீங்க சரியா வாசிக்கல.”

வாசிப்பக்கா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பிடித்தாள்.

“மத்த தாளெல்லாம் ஒன்பது நாளும் ஒரே ஓட்டம். மூணாவது மட்டும் ஒரு நாள் நீளமா ஓடுது. ஒரு நாள் சுருக்கா. ஒவ்வொரு நாளும் ஒரு சத்தம்.” அவர் சிரிக்க முயன்றார். “எழுதினது மாறுமா? முப்பத்தொரு வருஷம் மோட்டார் கிட்ட உக்காந்தவன். எனக்கா தெரியாது?”

மகள் மூன்றாம் தாளைப் பார்த்தாள். முதல் வரி போதும், மிச்சம் தானாகவே ஞாபகத்துக்கு வந்தது. கையால் அதை மூடிக்கொண்டு வாசிப்பக்காவிடம் திரும்பினாள்.

“இதுக்குப் பதிலா என்ன வாசிச்சீங்க?”

“சின்ன வயசுல நீங்க பம்ப் ஹவுசுக்குப் போனதை. மோட்டார் சத்தத்துலயே தூங்கிட்டீங்களாம், நிறுத்தினதும் முழிச்சுக்கிட்டு அழுவீங்களாம். அவர் சொன்னதையே நீங்க எழுதின மாதிரி திருப்பிச் சொன்னேன்.”

“அதைச் செய்ய நீங்க யாரு?”

“யாரும் இல்ல. உள்ளதை மட்டும் வாசிக்கணும்னுதான் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. கேக்குறவங்க புருவம் சுருங்கினா நிறுத்தணும்னும் சொன்னாங்க. அந்தத் தாளைக் கண்ணால ஓட்டிப் பாத்தேன். என்னால முடியல.” அவள் அறுந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். “தப்புதான்.”

“தப்புதான்,” என்றாள் மகள். மன்னிக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. ஆனால் அந்த நேரத்தில், வாசிப்பக்கா சொன்ன அந்தப் பொய்க் கடிதம் தான் எழுதியதாகவே இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியே சொல்லிவிடலாமா? இவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள் அப்பா, தினமும் ஒரு வரி விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வாசி பாப்பா. உள்ளபடி.”

“வேணாம்ப்பா. கோவத்துல எழுதினது.”

“தெரியும். அதுதான் வேணும்.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆபீஸ் ஜன்னலில் வராத பிசிறு இப்போது முதல் சொல்லிலேயே வந்தது.

“அந்தக் கடிதத்தை நீங்கள் பிரித்துப் படித்தீர்கள். படித்துவிட்டு மறைத்தீர்கள். நான் மேலே படிக்கப் போனால் உங்களுக்குச் சமைத்துப் போட ஆள் இருக்காது. அதுதான் உங்கள் கணக்கு. தன் பெண் தன்னைவிட நாலு எழுத்து அதிகம் படிப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை. நல்லவேளை, அம்மா உங்கள் லட்சணத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள்.”

நிறுத்தினாள். அப்பாவின் புருவம் சுருங்கியிருந்தது. வாசிப்பக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்பா விரலை உயர்த்தி அவளைத் தடுத்தார்.

“இன்னும் இருக்கு. மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கியே.”

“நீங்கள் சாகும்போது,” என்று வாசித்தாள், “என்னைக் கூப்பிட வேண்டாம்.”

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் இருமினார். எங்கோ ஒரு தள்ளுவண்டி கதவில் இடித்துக்கொண்டு போனது. அப்பாவின் புருவம் மெல்ல இறங்கியது.

“இப்பத்தான் சத்தம் சரியா இருக்கு,” என்றார்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, “அதுல சிவப்புக் கோடு இல்ல பாப்பா,” என்றார்.

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு டப்பா ஞாபகம் வந்தது, ஆணி ஞாபகம் வந்தது. உறையைப் பிரித்து, தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, கோட்டைத் தேடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அவர் நின்றிருப்பார்.

“அப்ப ஏம்ப்பா படிச்சேன்னு சொன்னீங்க?”

அவர் பார்வை மருந்து அலமாரியின் மேல் போய் நின்றது. அங்கே மாத்திரை அட்டைகளுக்கு நடுவில், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று, அவள் வாங்கிக் கொடுத்த கண்ணாடி இருந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

“முதல்ல இருந்து வாசி,” என்றார் அப்பா.

அவள் தாள்களை அடுக்கினாள். முதல் தாளின் மேலே, அத்தனை ஆத்திரத்திலும் பழக்கம் விடாமல், ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தாள். அதை வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரியும் விடாமல், ஒரு வரியும் சேர்க்காமல் வாசித்துக்கொண்டே போனாள். சத்தம் போட்டு வாசிக்க வாசிக்க அந்தக் கடிதம் அவளுடையது இல்லை என்பது போலவும், ரொம்பவும் அவளுடையது என்பது போலவும் இருந்தது. இரண்டாம் தாளின் நடுவில் நர்ஸ் வந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆக்சிஜன் குழாயைத் திருகி மூடினாள். மகள் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அத்தை சத்தமில்லாமல் அழுதாள். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தாள். வாசிப்பக்கா தன் பதிவேட்டை எடுத்து, தேதி எழுதி, பதினாலு என்று எழுதி, மூன்றாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி நின்றாள். எதுவும் எழுதாமல் மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். லாரி டிரைவர் இன்றைக்கு விளம்பரம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவர் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. உடலையும் உடைமைகளையும் பெற்றுக்கொள்வதற்கான படிவம். அப்பாவைக் கொண்டு வந்து சேர்த்தது அத்தை என்பதால் அத்தைதான் கையெழுத்து போட வேண்டும் என்றார்கள். மை அட்டையும் கூடவே வந்தது. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கமாகப் பெருவிரலை நீட்டினாள்.

“இருங்க அத்தை.”

“ஏண்டி? இதுலயுமா சந்தேகம்?”

மகள் மை அட்டையைத் தள்ளி வைத்தாள். படிவத்தை அத்தையின் மடியில் விரித்தாள். மேலே, வலது மூலையில் இருந்த எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பேர், வார்டு, கட்டில், நேரம், சட்டை ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, மூக்குக்கண்ணாடி ஒன்று என்று நிதானமாக வாசித்தாள். அத்தை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், தாளின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த நிபந்தனைகள் இருந்தன. அதையும் வாசித்தாள்.